இடது பக்க விரிசல்

புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்து காரைப் பின்னால் எடுத்தபோது, முழங்கால் உயரச் சிமென்ட் தூண் ஒன்றில் மோதினேன். பெரிய சத்தம் இல்லை. வாளி உடைகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்பக்க பம்பரின் இடது ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். 'போனவுடன் அக்காவிடம் சொல்ல வேண்டும்' என்று நோட்டில் எழுதினேன். எதையும் எழுதிவைத்தால்தான் செய்வேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வீடு வந்தபோது அக்கா தூங்கியிருந்தாள்.

கார் அவளுடையது. போன வருடம் இடது கண்ணில் விழித்திரை அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான்தான் வகுப்புக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தேன். சென்ற மாதம் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். சிறுநீரக நோயாளிகளைச் சொந்தக் காரில் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரும் வேலையும் அமைந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்காக அவள் தினமும் காலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழகினாள். புதன்கிழமையும் ஓட்டியிருந்தாள்.

வியாழன் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் விரிசலின் மேல் இருந்தது.

"நேத்து கடைக்குப் போனப்ப இடிச்சிருக்கேன் போல," என்றாள். "பாரு, சரியா இடது பக்கம்."

"அக்கா..."

"பேசாத. இடிச்சதுகூட எனக்குத் தெரியலடி. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் பண்ணி வேலை வேண்டாம்னு சொல்லிடறேன். உடம்புக்கு முடியாதவங்களை ஏத்திக்கிட்டு போறது. விளையாட்டா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதற்கு அன்று நோட்டில் மூன்று காரணங்கள் எழுதினேன். மறுபடி படிக்கும் தகுதி மூன்றுக்கும் இல்லை. நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண் சரியாகத் தெரிகிறதா என்று பிறரை நாள் முழுக்கக் கேட்பவள் நான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பம்பரைச் சரிசெய்துவிட்டால் அக்காவின் பயமும் போய்விடும், ஆறு மணிக்குள் போன் பண்ண மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

திருகாணிகளைக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றையும் காகிதத்தில் ஒட்டிவைத்தேன். பம்பரை வீட்டுக்குள் கொண்டுவந்து கூடத்தில் போட்டேன். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, உடனடிப் பசையால் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் பசை மட்டும் நகம்போல உரிந்து வந்தது. உட்புறத்தில் பிளாஸ்டிக்கின் வகை 'பிபி' என்று அச்சாகியிருந்தது. இந்த வகையில் பசை பிடிக்காது, உருக்கித்தான் ஒட்ட வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். முதலில் படித்திருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

குளியலறையில் ஓர் உடைந்த வாளி கிடந்தது. அதன் அடியிலும் அதே எழுத்து. அதன் விளிம்பைக் குச்சி குச்சியாக நறுக்கினேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "காருக்கு ஆபரேஷனா? மயக்க மருந்து கொடுத்தாச்சா?"

"கிட்ட வராதம்மா, புகை."

"நல்ல வாளிடி அது."

"அடியில ஓட்டைம்மா."

"பூச்செடிக்கு ஆகும்னு வெச்சிருந்தேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனாள்.

விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் சின்னத் துளை போட்டேன். விரிசல் நெடுக வாய்க்கால்போலச் செதுக்கினேன். சால்டரிங் அயனைச் சூடாக்கி, உட்புறத்தில் கம்பி வலைத் துண்டுகளை அழுத்திப் புதைத்தேன். வெளிப்புறம் வாளிக் குச்சியை உருக்கி நிரப்பினேன். கண் எரிந்தது, முதுகு விண்விண் என்று தெறித்தது. ஓரம் சுருண்டுகொண்டே இருந்ததால், ஆறும்வரை நேராக இருக்கட்டும் என்று தரையோடு தரையாக அழுத்தி, என் வகுப்புப் புத்தகங்களை அடுக்கினேன். எந்திர வரைபடம், இரண்டு பாகம். மேலே மாவு டப்பா. ஆறியபின் உப்புத்தாளால் தேய்த்தேன். ஒட்டிய இடத்தின் தையல் கையில் தட்டவில்லை. நாலரை மணிக்கு நோட்டில் 'நன்று' என்று எழுதினேன். அப்படி நான் எழுதுவது அபூர்வம்.

அக்கா வெளியிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"எதுக்குடி இவ்வளவு பாடு? விரிசல் போயிடும். கண்ணு?"

"மாட்டறதுக்கு ஒரு கை பிடி அக்கா," என்றேன்.

இருவரும் தூக்கிப்போய்ப் பொருத்தினோம். வலது பக்கம் டக்கென்று உட்கார்ந்தது. இடது பக்கம் உட்காரவில்லை. அக்கா முழங்காலால் முட்டுக் கொடுத்தாள். கொக்கிகள் எட்டவில்லை. பம்பரின் ஓரம் காரின் உடம்பைவிட்டு ஒரு விரல் அகலத்துக்கு விலகி நின்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த இடத்தில் பம்பர் வளைந்து திரும்ப வேண்டும். நான் அதைத் தரையில் வைத்து, புத்தகம் அடுக்கி, நேராக்கி ஒட்டியிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வளைவுகளை வரையப் படிக்கிறவள்.

அக்கா இடைவெளியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"நோட்டு," என்றாள். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். குரல் இறங்கியிருந்தது. "இது கோணலா இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்தேன்.

"கோணல்தான்க்கா. உனக்குச் சரியாத்தான் தெரியுது. தரையில வெச்சு ஒட்டி நான்தான் கெடுத்துட்டேன்." நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரிந்தது. "இடிச்சதும் நான்தான். புதன்கிழமை, கிளாஸ் வாசல்ல. நீ இல்ல."

அக்கா கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு நாள்," என்றாள். "ரெண்டு நாளா ஒரு கண்ண மூடி, இன்னொரு கண்ண மூடி, வீட்டுல இருக்கற கதவையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பையைக் கழற்றித் தரையில் போட்டாள்.

"எங்க அறுக்கணும்?"

செய்த வேலையை நானே அறுத்தேன். அரை நாள் தையல் நாலு நிமிடத்தில் பிரிந்தது. வலப்புறத்தைக் காரிலேயே முடுக்கினோம். அக்கா மல்லாந்து படுத்து, இடப்புற ஓரத்தைக் கொக்கியோடு சேர்த்துப் பாதத்தால் மிதித்துப் பிடித்துக்கொண்டாள். நான் வளைவின் மேலேயே மறுபடி வலை வைத்து உருக்கினேன். வாளிக் குச்சி போதவில்லை. கைப்பிடி வளையத்தையும் நறுக்கினேன். வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஆறு அடித்தது. அக்கா எழவில்லை.

"போன்?" என்றேன்.

"காலை எடுத்தா உன் தையல் பிரியும். ஒழுங்கா உருக்கு."

இந்த முறை தையல் அசிங்கமாக வந்தது. உப்புத்தாளும் தீர்ந்துபோயிருந்தது.

சனிக்கிழமை, வண்டியைச் சோதிப்பவர் டார்ச் அடித்துக்கொண்டே சுற்றி வந்தார். பம்பரின் முன் நின்று கட்டைவிரலால் தையலைத் தடவினார். "இது என்ன?"

"விரிசல் விட்டிருந்துச்சு, ஒட்டியிருக்கோம்," என்றாள் அக்கா. "என் தங்கச்சி இடிச்சா."

அவர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பம்பர் அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். "பார்க்க நல்லா இல்ல," என்று சொல்லிவிட்டுத் தாளில் 'சரி' என்று குறி போட்டார். சக்கரங்களைக் குனிந்து பார்க்கப் போனவரிடம், கேட்காமலேயே அக்கா மறுபடி சொன்னாள்: "நான் இல்லைங்க. தங்கச்சி."

திரும்பும்போது காரைப் பின்னால் எடுத்தாள். இடது பக்கம் ஓர் இரும்புக் கம்பம் இருந்தது. பிரேக்கை மிதித்து, கண்ணாடியைப் பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். "ரெண்டு சாண்."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியுது," என்று சொல்லி ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.