கால் வச்ச மீனுக்கு மூன்று முடிவுகள்

1

ஆமையைத் தூக்கி அந்தத் தொட்டியில் விட்டது செல்லப்பன்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐந்தாம் பக்கத்தில் சொன்னால், இவ்வளவு நேரம் மறைத்துவிட்டான் என்பீர்கள். செல்லப்பன் யார் என்பதையும் இப்போதே சொல்கிறேன்: நான்தான். ‘நான்’ போட்டுத்தான் முதலில் எழுதினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே கை எனக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிட்டது. செல்லப்பன் என்று வேற்றாளாக நிறுத்திவைத்தால் திட்டுவதற்குச் சௌகரியமாக இருக்கிறது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்லப்பனுக்கு ஒரு கூல்டிரிங்ஸ் கடை. பக்கத்தில் நிஜாமுதீனின் வண்ணமீன் கடை. நிஜாமுதீன் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் அலுமினியம் அறுக்கும் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு 2005இல் திரும்பினார். திரும்பியபோது வலது கையில் நடு விரல்கள் மூன்றும் இல்லை. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆமை சம்பவம் போன வருஷம் மே மாதம். இப்போது தை. தலைப்பில் இருக்கிற மீனுக்கு ஆமை கடித்த கால் முழுசாக முளைத்துவிட்டது. அந்தப் பிராணிக்கு அப்படி ஒரு வாகு. நிஜாமுதீனுக்கு அந்த வாகு இல்லை. தினமும் நாலு மணிக்கு என் கடையில் உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடித்த மனிதர் இப்போது உட்காருவதே இல்லை. என் மேல் கோபமா என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. கதை கிடக்கட்டும், பக்கத்துக் கடைக்காரர் எனக்கு வேண்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘சித்திரை வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில்’ — சித்திரையில் வெயில் அடிப்பது ஒரு செய்தியா? அடித்துவிட்டேன்.

‘நீருக்குள் ஒரு புன்னகை மிதந்து’ — அதன் வாய் அமைப்பே அப்படி. கால் போன அன்றும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். பிராணி வருவதற்கு ஒரு மாதம் முன்பே நிஜாமுதீன் தொட்டியை ஏற்பாடு செய்தார். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அடியில் கூழாங்கல் கிடையாது. வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடுமாம். குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, பிளீச்சிங் வாடை போக ஒரு நாள் வைத்து ஊற்றினார். வாய் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். வெறும் தண்ணீரில் ஃபில்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் அது வந்தது. ஒரு சாண் நீளம். வெளிறிய ரோஜா நிறம், நாலு கால், தலையின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி மூன்று மூன்று செவுள்.

“என்ன பாய் இது, பல்லியா மீனா?” என்றான் செல்லப்பன்.

“ரெண்டும் இல்லண்ணே. தவளைக்குச் சொந்தம். ஆனா பெரிசா வளந்து கரையேறாது. பாதியிலயே நின்னு, தண்ணிக்குள்ளயே காலத்த ஓட்டிடும்.”

“எங்க மச்சான் மாதிரி.”

ஆக்சோலாட்டில் என்பது பெயர். செல்லப்பனுக்கு மூன்று நாள் நாக்கு சுளுக்கியது. கடைக்கு வந்தவர்கள் ‘கால் வச்ச மீனு’ என்றார்கள். இந்தக் கதையிலும் அதுவே.

“இருவது டிகிரிக்கு மேல போனா இதுக்கு ஆகாதுண்ணே.”

“பெரம்பலூர்லயா? நமக்கே ஆகல.”

அதற்கும் வழி செய்தார். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு, எதிரே டேபிள் ஃபேன். செல்லப்பனின் ஃப்ரீசரில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை உறையவைத்து, காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நாலு என்று மூன்று வேளையும் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். நாலு மணிப் பாட்டிலை வாங்க வரும்போதுதான் அந்தச் சர்பத்.

3

மே எட்டாம் தேதி நிஜாமுதீன் மீன் எடுக்கச் சென்னைக்குப் போனார். இரண்டு நாள். சாவியைச் செல்லப்பனிடம் கொடுத்தார்.

“மூணு வேளை பாட்டிலு. ஒரு வேளை மண்புழு, அலசிப் போடுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்கண்ணே.”

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது என்று செல்லப்பனுக்கு உறைக்கவில்லை.

மதியம் ஒரு மணிப் பாட்டிலை வைக்கப் போனவனுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் ஒற்றை ஆளாக, சட்டிக்கடியில். பக்கத்துத் தொட்டியில் உள்ளங்கை அளவு ஆமை ஒன்று இருந்தது. அதுவும் மெதுவாகப் போகிற பிராணி, இதுவும் மெதுவாகப் போகிற பிராணி. பேசிக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நினைத்தான். தூக்கி விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கடையில் வந்து ரோஸ்மில்க் கேட்டாள். போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், கால் வச்ச மீனுக்கு வலது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆமை மென்றுகொண்டிருந்தது.

[முதல் வரைவில் வலது முன்னங்கால் என்று எழுதியிருந்தேன். நிஜாமுதீனுக்கும் வலது கை அல்லவா. நடந்தது பின்னங்கால். இப்படிப் பொருத்திப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வருகிறதோ, தெரியவில்லை.]

ஆமையைப் பழைய தொட்டியிலேயே போட்டுவிட்டுச் செல்லப்பன் மனைவி அம்மாக்கண்ணுவுக்குப் போன் போட்டான்.

“காயம்பட்டா என்ன போடுறது?”

“யாருக்குக் காயம்?”

“மீனுக்கு.”

“மீனுன்னா மஞ்சத்தூளும் உப்பும்.”

வைத்தியத்துக்குச் சொன்னாளா, குழம்புக்குச் சொன்னாளா என்று விசாரிக்க நேரமில்லை. இரண்டையும் போட்டான்.

4

நிஜாமுதீன் வந்தார். மஞ்சள் தண்ணீரில் மஞ்சளாகக் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

“மஞ்சள் போட்டீங்களா?”

“ஆமா பாய்.”

“ஆமையும் போட்டீங்களா?”

“...ஆமா பாய்.”

வேறு டப்பாவில் சுத்தத் தண்ணீர் எடுத்து, கால் வச்ச மீனை மெதுவாக அதற்குள் நடத்தினார். “மொளைச்சிடும்ணே” என்றார். அவ்வளவுதான். அன்று நாலு மணிக்கும் வந்து உட்கார்ந்து சர்பத் குடித்தார். ஏனோ அது செல்லப்பனுக்குத் திட்டை விட மோசமாக இருந்தது.

பத்தாம் நாள் கடிபட்ட இடத்தில் ஒரு பரு. இருபத்தைந்தாம் நாள் துடுப்பு மாதிரி ஒன்று. முப்பத்தெட்டாம் நாள் விரல்கள். செய்தி பரவி அரியலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நிஜாமுதீன் மிச்சமிருந்த சுண்டுவிரலால் தொட்டியைத் தொட்டு, “இந்தா, இந்தக் காலுதான்” என்று காட்டுவார். அந்த நேரங்களில் செல்லப்பன் ஃப்ரீசருக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பான்.

அந்த வாரத்தோடு அவர் உட்காருவது நின்றது. பாட்டிலை வாங்கிக்கொண்டு நின்றபடியே திரும்பிவிடுவார். ஒன்றரை மாதம் ஊறவைத்துக் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று செல்லப்பன் கணக்குப் போட்டான்.

“எம்மேல வருத்தமா பாய்?”

“இன்னொரு பாட்டிலு இருக்குங்களா?”

இன்னொரு நாள், “மனசுல எதும் வச்சுக்காதீங்க பாய்.”

“நேத்து பாட்டிலு சரியா ஒறையலண்ணே.”

5

நிஜாமுதீனின் விரல்கள் எப்படிப் போயின என்று இங்கே நாலு பக்கம் இருந்தது. மெஷின் சத்தம், ரத்தம், ஆஸ்பத்திரி ஜன்னலில் பாலைவனம். ஷார்ஜாவில் ஜன்னல் வழியே பாலைவனம் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. கிழித்துவிட்டேன்.

6

இதையும் கிழித்திருக்க வேண்டும். பரு வருவதற்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, செல்லப்பன் சிறுவாச்சூருக்குப் போனான். கோயிலுக்கு வெளியே வேண்டுதலுக்குத் தகட்டில் அடித்த கை, கால், கண் விற்கிற கடை.

“ஒரு காலு குடுங்க.”

“யாருக்குங்க?” என்றாள் கடைக்காரி.

“பக்கத்து வூட்டுல ஒரு... புள்ளைக்கு.”

“என்ன வயசு?”

“எட்டு மாசம் இருக்கும்.”

“எட்டு மாசந்தான? நடக்கும், நடக்கும். அவசரப்படாதீங்க.”

“நடக்குதுங்க. தண்ணிக்குள்ள.”

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காலைத் தாளில் மடித்தாள். தட்டில் கைகளும் குவிந்து கிடந்தன. ஐந்து விரலோடு, பளபளவென்று. செல்லப்பன் ஒரு கையை எடுத்து

7

முடிவு ஒன்று: நிஜாமுதீன் செல்லப்பனைக் கட்டிக்கொண்டு, “உயிரு பொழச்சிச்சே, அது போதும். மனுசனோட மனசும் இப்படித்தான் மொளைக்கணும்” என்கிறார்.

முடிவு இரண்டு: தொட்டி முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுகிறார். செல்லப்பன் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போகிறான்.

முடிவு மூன்று: அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய், தண்ணீர் சூடேறி, கால் வச்ச மீன் செத்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து புதைக்கிறார்கள். [எழுதும்போது ஒரு முறை எழுந்து போய் அது உயிரோடிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.]

மூன்றில் பிடித்ததை வாசகரே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி போட்டு முடித்திருந்தேன். அம்மாக்கண்ணு படித்தாள்.

“முன்னப்பின்ன தெரியாதவங்களக் கேக்குறீங்க. பக்கத்துக் கடையில இருக்குறவரக் கேக்க மாட்டேங்குறீங்க.”

“கேட்டேன். பாட்டில் இருக்கான்னாரு.”

“பாட்டில் குடுக்கும்போது கேட்டா பாட்டிலத்தான் கேப்பாரு. இதக் கொண்டுபோய் குடுங்க.”

8

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். நிஜாமுதீன் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் பக்கங்களைப் புரட்டிப் படித்தார். செல்லப்பன் நின்றான். மச்சான் வருகிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. முடிவுகளுக்கு வந்தார்.

“இந்த நிஜாமுதீன் ரொம்ப நல்லவனா இருக்கான். பள்ளிவாசல்ல பிரசங்கம் பண்ற மாதிரி பயான் பண்றான். இது நான் இல்லண்ணே.”

“ரெண்டாவது?”

“நான் கடையில அழுது பாத்திருக்கீங்களா?”

“மூணாவது...”

“அதப் படிக்க மாட்டேன்.” பக்கங்களைப் பின்னால் தள்ளினார். “இந்தக் கோயில் விசயம் பாதியில நிக்குதே. கைய எடுத்து, என்ன பண்ணுனீங்க?”

“எடுத்தேன் பாய். திரும்ப வச்சிட்டேன்.”

“ஏன்?”

“உங்களுக்கு அதெல்லாம் ஆகாதேன்னு.”

“ஆகாதுதான்.” அந்தப் பக்கத்தை மறுபடியும் புரட்டினார். “ஆனா எடுத்தீங்கள்ல.”

“எடுத்தேன்.”

செல்லப்பன் கேட்டுவிட்டான்.

“பாய், எம்மேல கோவமா? இருந்தா இருக்குன்னு சொல்லுங்க.”

நிஜாமுதீன் நோட்டை மூடி மடியில் வைத்தார்.

“உங்க மேல இல்லண்ணே. அது மேல.” தொட்டியைப் பார்க்காமலே சொன்னார். “முப்பத்தெட்டாம் நாளு அஞ்சு வெரலும் வந்துச்சு பாருங்க. சனம் நின்னு கை தட்டுச்சு. அன்னிக்கு நான் அதுக்குத் தீனி போடல. மறுநாளும் போடல. புழு டப்பாவக் கையில வச்சுக்கிட்டு நின்னேன், மூடிட்டேன். மூணாம் நாளு பாட்டிலு வாங்க வந்தப்ப, சாப்புட்டுச்சா பாய்னு கேட்டீங்க. சாப்புட்டுச்சுன்னேன். அப்புறம் போய்ப் போட்டேன், அது வேற. ஆனா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்ல. அதான் உக்காரல.”