தவில் இல்லாத பத்து நிமிடம்

பிரான்சிலிருந்து வந்த அந்த ஆள் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "குஞ்சித்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டபோதே செங்குட்டுவனுக்கு வயிறு எரிந்தது. பத்தொன்பது வருடமாகக் குஞ்சிதபாதத்தின் நாதஸ்வரத்துக்குத் தவில் வாசிக்கிறவன் அவன். 'அண்ணே' என்பதைத் தவிர வேறொரு வார்த்தை சொல்லி அவரை அழைத்ததில்லை. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவன் பேரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறான். அண்ணனும் பல்லெல்லாம் தெரிய, வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடுகிறார்.

வந்தவன் பெயர் யான். முத்தாண்டிக்குப்பம் திருவிழாவில் அண்ணனும் செங்குட்டுவனும் வாசித்ததை யாரோ போனில் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதை எங்கோ கடலோரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நாலு மாதம் கடிதமெழுதி, ஜனவரியில் மூன்று வாரத்துக்குக் கிளம்பி வந்துவிட்டான். அவனும் ஊதுகிறவன்தான். ஒன்றரைச் சாண் நீளத்தில் கறுப்பாக ஒரு குழல். நம் நாதஸ்வரம் போலவே முனையில் நாணல் சீவாளி வைத்து ஊதவேண்டும். பொம்பார்ட் என்று பெயராம். அண்ணனும் அவனும் சேர்ந்து இந்த நிலக்கரி டவுன்ஷிப்பில் ஒரு கச்சேரி செய்வது, அது நன்றாக அமைந்தால் ஜூலையில் அவன் ஊரில் நாலு கச்சேரி என்று ஏற்பாடு.

"யான்னா தமிழ்ல நான்னு அர்த்தம்" என்று குஞ்சிதபாதத்தின் மகள் தமிழ்நிலா அவனுக்கு இங்கிலீஷில் விளக்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அன்றிலிருந்து அவன் காய்கறிக்காரரிடமும் கோயில் குருக்களிடமும் நெஞ்சைத் தொட்டு, "யான், நான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பிளாக் முழுக்க அவனை ஒரே வாரத்தில் பிடித்துப்போயிற்று. செங்குட்டுவனைத் தவிர.

முதல் மூன்று நாள் இரண்டு குழலுக்கும் சுருதி சேரவேயில்லை. அந்த மூன்று நாளும் செங்குட்டுவன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டான். நாலாம் நாள் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை முடித்து, குளித்துவிட்டுத் தவிலோடு அண்ணன் வீட்டுக்குப் போனால், தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. சீவாளியைச் சீவிச் சீவி எப்படியோ சேர்த்துவிட்டார்கள். பொம்பார்ட் ஒரு வரி ஊதும். மூச்சு வாங்க நிறுத்தும். விட்ட இடத்தில் நாதஸ்வரம் எடுக்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்படி அவர் கண்ணை மூடுவது தவில் உச்சத்தில் இருக்கும்போது மட்டும்தான் என்று செங்குட்டுவன் இதுநாள்வரை நம்பியிருந்தான்.

"வா குட்டுவா, உக்காரு. முதல் பத்து நிமிஷம் குழல் மட்டும் போவட்டும்னு யான் சொல்றாரு. அப்புறம் நீ வந்து சேந்துக்கோ."

"நீங்க இன்னா சொல்றீங்கண்ணே?"

"நல்லாத்தான இருக்குது?"

செங்குட்டுவன் தவில் உறையைக்கூட அவிழ்க்காமல் அந்தப் பத்து நிமிடமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கொடியில் வீசினான். ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? பொண்டாட்டி எவன்கூடவோ போயிட்டாப்புல மூஞ்சிய வெச்சிக்கினு வர்றீங்க. நான் இங்கதான இருக்கேன்?"

"சும்மா இருடி. பத்து நிமிஷம் தவில் வேணாமாம்."

"பத்து நிமிஷம் டீ குடிச்சிக்கினு உக்காருங்களேன்."

அவளுக்கு எப்படிச் சொல்வது? வேறு எந்த நாதஸ்வரத்துக்கு வாசித்தாலும் அவன் வெறும் தவில்காரன். அண்ணனுக்குப் பக்கத்தில்தான் அவன் செங்குட்டுவன்.

கச்சேரி சனிக்கிழமை சாயங்காலம். மண்டபம் நிறைந்திருந்தது; ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிஃபார்மோடு வந்து பின்னால் நின்றார்கள். முதல் பத்து நிமிடத்துக்கு எழுந்த கைத்தட்டலில் செங்குட்டுவனின் காது அடைத்தது. பிறகு அவன் முறை. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு சேர்ந்தான். யானின் ஊர்ப் பாட்டு ஒன்று, நாலு நாலாக நடந்து போகிற பாட்டு. ஒத்திகை பார்த்தபடியே இரண்டு சுற்று வாசித்தான். மூன்றாவது சுற்றில் சொல்லாமல் கொள்ளாமல் தாளக் கணக்கை நாலிலிருந்து ஐந்துக்கு மாற்றினான்.

அண்ணன் யார் பக்கம் போகிறார் என்று அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஒரு நொடி. நாதஸ்வரம் தவிலோடு திரும்பிவிட்டது, வண்டி மாடு வீட்டுப் பக்கம் திரும்புவதுபோல. பொம்பார்ட் தடுமாறியது, இரண்டு சுரம் வழுக்கி, நின்றேபோயிற்று. யான் குழலை மடியில் வைத்துக்கொண்டு, காலால் எண்ணி எண்ணிப் பார்த்தான். முடியவில்லை. பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டான். கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. அது தவிலுக்கு விட்ட இடம் என்று நினைத்து விசிலடித்தார்கள். செங்குட்டுவன் கை ஓயும்வரை வாசித்தான். அவ்வளவு நன்றாக அவன் வாசித்ததே கிடையாது.

இறங்கியதும் குஞ்சிதபாதம் அவனை மேடைக்குப் பின்னால் இழுத்தார்.

"ஜெயிச்சிட்டியா?"

"அண்ணே..."

"உன் மேல கோவம் இல்லடா. என் மேலதான். பழக்கதோஷம், விரலு உன் பின்னாடியே ஓடிச்சி. நம்பி வந்த மனுஷன நடுரோட்டுல வுட்டுட்டு வந்துட்டேன்." நாதஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டு யான் இருந்த பக்கம் போய்விட்டார்.

அண்ணன் விரல் தன் பின்னால்தான் ஓடும் என்று, கேட்க ஆசைப்பட்டதைத்தான் காதால் கேட்டிருந்தான். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் தமிழ்நிலாவோடு யான் அவன் வீட்டுக்கே வந்தான். சண்டைக்குத்தான் என்று செங்குட்டுவன் எழுந்து நின்றான். யான் நாற்காலியில் உட்கார்ந்து, ருக்குமணி கொடுத்த டீயை முழுதும் குடித்துவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினான். தாடி வைத்த கனத்த ஆள். கக்கத்தில் காற்றடைத்த தோல்பை, அதில் குழல்.

"இவர் பேரு லோயிக்காம், மாமா" என்று தமிழ்நிலா சொன்னாள். "இவங்க ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமா சேந்து வாசிக்கிறாங்களாம். பொம்பார்ட்காரருக்கு மூச்சு வாங்குறப்ப அந்தப் பைக்குழல்காரர்தான் பாட்டைத் தாங்கணுமாம். இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்ததிலேருந்து லோயிக் யான்கூடப் பேசறதே இல்லியாம். நேத்து மேடையில யான் உங்க மூஞ்சியப் பாத்தாராம். லோயிக் மூஞ்சி மாதிரியே இருந்துச்சாம்."

ருக்குமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

செங்குட்டுவன் படத்தை வாங்கிப் பார்த்தான். அந்தத் தாடிக்காரனை எங்கோ பார்த்ததுபோல்தான் இருந்தது. "ஒரு போன் போடச் சொல்லும்மா."

"யான் போட்டா அவர் எடுக்க மாட்டாராம்."

"அப்ப என் போன்லேருந்து போடு."

நாலாவது மணியில் திரையில் ஒரு சமையலறையும் தாடியும் தெரிந்தன. யானின் தோளைப் பிடித்துத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, செங்குட்டுவன் தவிலை மடியில் தூக்கிக் காட்டினான்.

"சொல்லும்மா. அவர் ஆளு இங்கதான் பத்திரமா இருக்கான்னு சொல்லு. எனக்கும் அவனக் கண்டாலே ஆவாதுன்னு சொல்லு."

தமிழ்நிலா இங்கிலீஷில் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் தாடிக்காரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தோல்பையைத் தூக்கிவந்து ஊத ஆரம்பித்தான். நேற்றைய அதே நாலு கணக்குப் பாட்டு. செங்குட்டுவன் இம்முறை நாலிலேயே வாசித்தான். சுவரோரம் நின்ற யான் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றே செங்குட்டுவன் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டான். யானிடமும் கேட்டான், அவன் அந்த ஐந்து கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றான். ஊருக்குக் கிளம்புவதற்குள் பாதி கற்றுக்கொண்டான்.

யான் போய் இரண்டு மாதமாகிறது. ஜூலைக் கச்சேரிகளுக்கு இப்போது லோயிக்கையும் சேர்த்து நாலு பேர். வாரத்தில் மூன்று நாள், ஷிப்ட் முடிந்து வந்ததும் செங்குட்டுவன் போனைச் சன்னலில் சாய்த்துவைத்து லோயிக்கோடு வாசிக்கிறான். பொதுவான பாஷை கிடையாது; கையும் சிரிப்பும்தான். யானின் பெயர் வரும்போது மட்டும் இருவரும் முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள்.

நேற்று அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது குஞ்சிதபாதம் நாதஸ்வரத்தோடு வந்து வாசலில் நின்றார். கொஞ்சநேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு அஞ்சு நிமிஷம்ணே."

"அப்படி இன்னாதான்டா சிரிச்சி சிரிச்சிப் பேசிக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றான் செங்குட்டுவன், கையை நிறுத்தாமல். "அது எங்க விஷயம்."

அவர் முகம் சட்டென்று சுருங்கியது. அதைப் பார்த்ததும் செங்குட்டுவனுக்கு உள்ளுக்குள் சர்க்கரை கரைந்தது. ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். பதினைந்து நிமிடம் வாசித்தான்.