உறை பிரிக்காத அறுபது ஜாக்கெட்

மதியப் படகுக்குச் சீட்டுக் கொடுத்து முடித்த படகுத்துறைப் பொறுப்பாளர், பதிவேட்டில் 'லைஃப் ஜாக்கெட் அறுபதும் படகில் உள்ளன' என்று எழுதி வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். அந்த அறுபதும் அவர் முதுகுக்குப் பின்னால், பூட்டிய சாமான் அறையில், உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

"காத்து ஒரு மாதிரியா இருக்கு சார். இன்னிக்காவது அதுங்களக் குடுங்களேன்," என்று படகோட்டி சன்னலில் தலையை நீட்டினான்.

"குடுத்தா கீழ போட்டு உக்காந்து கிழிச்சிடுவாங்க. அடுத்த வாரம் சோதனைக்கு வராங்கய்யா. எதிர்த் தீவுக்குப் போக அரை மணி நேரம், அதுக்கு எதுக்கு?"

வரிசையில் கடைசியாக நின்ற மீன்காரி சிரித்தாள். "சாருக்கு நம்மளவிட அதுங்க மேலதான் பாசம்!" என்றபடி ஓடிப்போய்ப் படகில் தொற்றிக்கொண்டாள். அவரும் சிரித்துவிட்டார்.

படகு முந்நூறு அடிகூடப் போயிருக்காது. சுழன்றடித்த காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த சனம் மொத்தமும் அந்தப் பக்கமே சரிய, அப்படியே கவிழ்ந்தது.

பொறுப்பாளர் சாமான் அறைக்கு ஓடினார். சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. தோளால் மோதிக் கதவை உடைத்தார். உறைகளைப் பல்லால் கிழித்துக் கிழித்து, ஜாக்கெட்டுகளைத் தண்ணீரில் வீசினார். எதிர்க்காற்று அவற்றைக் கரைக்கே திருப்பியடித்தது. மீனவர்கள் சிறு படகுகளில் பாய்ந்துபோய் ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள். மீன்காரி மட்டும் மூச்சில்லாமல் வந்தாள்.

மறுநாள் காலை மேலதிகாரி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "ஜாக்கெட் படகுல இருந்துச்சு, சனங்கதான் போடலன்னு எழுது. நீ வீசினது கூடுதலா வச்சிருந்ததுன்னு சொல்லிக்கலாம். வீட்ல பொண்ணு படிக்குது, யோசிச்சுக்க."

பொறுப்பாளர் அப்படியே எழுதியும் விட்டார். கையெழுத்துதான் பாக்கி. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மீன்காரியின் கணவர் உள்ளே வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அவ போட்டுக்க மாட்டேன்னு அடம்புடிச்சான்னு உங்க ஆளுங்க வெளிய சொல்றாங்க. நெசமா? அப்படிப்பட்டவ இல்லையே அவ."

பொறுப்பாளர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"இல்லைய்யா. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் குடுக்கல. பூட்டி வச்சிருந்தேன்."

கணவர் சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

பொறுப்பாளர் மேலதிகாரியிடம் திரும்பினார். "சோதனைக்கு வர்றவங்களுக்குக் காட்டத்தான் பாதுகாப்புன்னு இருந்துட்டேன் சார். ஏறிப் போறவங்களுக்குன்னு ஒருநாளும் நெனைக்கல. வேலை போகட்டும், ஜெயிலுக்கும் போறேன். பொய்யாப் போட்ட கையெழுத்து ஆளையே கொல்லும்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

தரையில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். "இந்தப் புத்தி நேத்து மதியம் வந்திருக்கக் கூடாதா சார்?"