எத்தனை சாவி?

கார்ச் சாவியை உளுந்தோடு சேர்த்து அரைத்த ஆள் சங்கரன்கோவிலில் இதுவரை ஒருவர்தான். பெயிண்ட் கடை சாம்சன் அண்ணாச்சி.

சனிக்கிழமை காலை, உளுந்து பொங்கி வந்துவிட்டதா என்று ஓடுகிற கிரைண்டருக்குள் குனிந்து பார்த்தார். சட்டைப் பையில் இருந்த ரிமோட் சாவி வழுக்கி உள்ளே போய் விழுந்தது. சுவிட்சை அணைக்கச் சொல்லி மூளை உத்தரவு போட்டு, அது கைக்கு வந்து சேர்வதற்குள் கல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. பிறகு முழங்கை வரை மாவோடு துழாவி ஒவ்வொன்றாக எடுத்தார். இரும்புச் சாவி முழுசாக வந்தது. ரிமோட்டுக்குள் இருந்த பச்சைத் தகடு இரண்டு துண்டு. பட்டன்கள் தனித்தனியாக. கடைசியில் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி.

"உளுந்து நல்லாத்தான் அரைஞ்சிருக்கு" என்றார். சிரிக்க வீட்டில் ஆள் இல்லாததால் அந்த வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் இருக்கும்போது கார்ச் சாவி எதற்குச் சட்டைப் பையில் என்று கேட்டால் பதில் கொஞ்சம் வெட்கக்கேடு. வாசலில் கார் நிற்கும். இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பட்டனை அழுத்துவார். கார் 'கீக் கீக்' என்று சொல்லி விளக்கை மினுக்கும். அந்த வீட்டில் அவர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது அது ஒன்றுதான்.

மனைவி ஞானபூரணம், மகள் ஜெஸ்லினின் பிரசவம் பார்க்கக் கோயம்புத்தூர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். மூன்று மாதத்தில் வாரேன் என்று போனவள், பிள்ளை உட்காரட்டும் என்றாள். உட்கார்ந்தது. நடக்கட்டும் என்றாள். நடந்து, ஓடவும் ஆரம்பித்தது. பேச்சு வரட்டும் என்றாள். இப்போது அந்தப் பேத்தி, தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பிடுங்கி "வை" என்று சொல்லும் அளவுக்குப் பேச்சு வந்தாயிற்று.

அண்ணாச்சியும் நேராக ஒருநாளும் கேட்டவர் இல்லை. "என்னட்டி, அங்கன ரேஷன் கார்டு வாங்கிட்டியா?" என்பார். "ஆமா, அடுத்த தடவை ஓட்டும் இங்கதான்" என்பாள் அவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். போனை வைத்து, சோற்றைப் போட்டு உட்காரும்போதுதான் பதில் வரவில்லை என்பது உறைக்கும். இவரே நான்கு தடவை கோயம்புத்தூர் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டாம் நாளே, "கடையப் பாக்க வேண்டாமா?" என்று பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குச் சாவிக் கடை கோகிலா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. சிவகிரி, ராயகிரி வரைக்கும் போய்ச் சாவி போட்டுக் கொடுப்பவள். லேசில் சிரிக்கமாட்டாள் என்று ஊரில் பேர்.

கிண்ணத்தில் இருந்த துண்டுகளைக் கிளறிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, நாய் கடிச்சுட்டா?"

"கிரைண்டர்ல போட்டேன்."

"எதுக்கு?"

"இட்லிக்கு."

கோகிலா சிரிக்கவில்லை. தப்பிப் பிழைத்த இரும்புச் சாவியைப் பார்த்து, கையோடு கொண்டுவந்த சின்ன மெஷினில் புதுச் சாவி ஒன்றை வெட்டினாள். காருக்குள் உட்கார்ந்து, அதைப் போட்டுத் திருப்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினாள். மடியில் இருந்த கருவியின் திரை வெளிச்சமானது.

"வேற சாவி இருக்கா?"

"இருக்கே. கோயம்புத்தூர்ல. எங்க வீட்டுக்காரி ஹேண்ட்பேக்கோட போயிட்டு."

"அப்போ அது செத்துரும்."

"என்ன தாயி, இப்படிப் பட்டுனு சொல்லுத?"

"காரோட மூளையில பதிஞ்சிருக்க பழைய சாவி எல்லாத்தையும் மொத்தமா அழிச்சிட்டுத்தான் புதுசு ஏத்த முடியும், அண்ணாச்சி. அந்நேரம் நம்ம கையில இருக்கது மட்டுந்தான் ஏறும். கோயம்புத்தூர்ல இருக்க சாவிய வச்சுப் பெறகு வண்டி ஸ்டார்ட் ஆவாது. நான் புது ரிமோட் ரெண்டு கொண்டாந்திருக்கேன். ஒண்ணு போடவா, ரெண்டு போடவா? திரையில எத்தனை சாவின்னு கேக்குது, பாருங்க."

"இப்போ ஒண்ணப் போட்டுட்டு, அவ வந்த பெறகு அடுத்தத..."

"அப்போ திரும்ப எல்லாத்தையும் அழிச்சு முதல்லருந்து வரணும். அவங்க கார் ஓட்டுவாங்களா?"

"என்னைவிட நல்லா ஓட்டுவா."

அது பொய்யில்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு முதலில் போனதே அவள்தான். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து இவருக்குத்தான் கால் வலிக்கும்.

"அப்போ ரெண்டு" என்றாள் கோகிலா.

"இப்போ இங்கன இல்லல்லா?"

"சரி, ஒண்ணு."

"வந்துருவா."

"எப்போ?"

இரண்டு வருஷமாகப் பாஸ்டரும், கடைக்கு வருபவர்களும், பக்கத்து வீட்டு ஹெலனும் "அக்கா சொகமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த ஒற்றை வார்த்தையை மட்டும் யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சியிடம் இதற்கு நகைச்சுவை எதுவும் இருப்பு இல்லை.

"போனப் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் கோகிலா. "இப்படி ஆன்ல ரொம்ப நேரம் போட்டு வச்சா பேட்டரி எறங்கிரும்."

அண்ணாச்சி காரைச் சுற்றிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். இரண்டாவது மணியிலேயே ஞானபூரணம் எடுத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மூச்சு முட்டச் சிரித்தாள். இவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எவ்வளவு உளுந்து போட்டீய?"

"கால் படி."

"ஒத்த ஆளுக்கா கால் படி?"

"கை அளவு மாற மாட்டேங்குது, பூரணம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி அவசரமாகச் சாவி சமாச்சாரத்துக்கு வந்தார். கோகிலா சொன்னதை அப்படியே ஒப்பித்து, "ஒண்ணா, ரெண்டா?" என்றார்.

"ரெண்டே போட்டுருங்க" என்றாள் ஞானபூரணம். "இருந்துட்டுப் போகுது."

அண்ணாச்சிக்கு அது போதும் போலத்தான் இருந்தது. காரின் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். கோகிலா தலையசைத்துத் திரையில் விரலைக் கொண்டுபோனாள். இருந்துட்டுப் போகுது. இதே மாதிரி ஒரு பதிலை வைத்து, வந்துவிடுவாள் என்றுதான் போன கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பட்டுச் சேலை எடுத்தார். அது இன்னும் அட்டைப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

"பொறும்மா" என்று கத்தினார். கோகிலாவின் விரல் நின்றது.

"பூரணம், சாவிய விடு. நீ இங்கன வந்து இருப்பியா, மாட்டியா?"

"என்னங்க, திடீர்னு..."

"நான் சிரிக்கதுக்குக் கேக்கல, ஏட்டி. எதுன்னாலும் சொல்லு. தாங்கிக்கிடுதேன். இந்த இருக்கட்டும், பாக்கட்டும்தான் தாங்க முடியல."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. பேத்தி எதற்கோ அழுதது. கதவு ஒன்று மூடும் சத்தம் கேட்டது. குக்கர் சத்தமும் பேத்தியின் அழுகையும் தூரமாகப் போயின. பால்கனிக்கு வந்திருப்பாள். மூச்சு விடுவது கிட்டத்தில் கேட்டது. அண்ணாச்சி வேட்டி நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த இடைவெளியில் ஒரு கிண்டலைப் போட்டு நிரப்பாமல் இருந்தார்.

"வர மாட்டேன்ங்க" என்றாள் ஞானபூரணம். "பிள்ளையச் சாக்குச் சொன்னேன். பிள்ளைக்காக இல்ல. எனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு. அங்கன இனிமே வந்து இருக்க மாட்டேன். ஒண்ணு போதும்னு சொல்லுங்க."