முப்பத்தெட்டு விநாடிப் பறை

"அப்ப அந்தப் பொம்பளைக்கு என்னதான் கெடச்சிச்சி?"

"ஒண்ணும் கெடைக்கல. அவங்க பாடி மூணு மாசத்துல அதே பாட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடுறான். அப்புறம் ரேடியோவத் திருப்பினா அவன் குரல்தான்."

"எங்க வீட்டுலயும் அவன் இசைத்தட்டுதான் லா இருந்திச்சி. ஈப்போவுல எங்கப்பா ஞாயித்துக்கெழமையானா அதப் போட்டுட்டு ஒரே ஆட்டம். அந்தப் பாட்ட உண்டாக்கினதே அவன்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

"நீங்க மட்டுமா? உலகமே அப்படித்தான் நெனச்சுது."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒலிப்பலகையின் முன்னால் உட்கார்ந்து, அன்னம், ஆதவன் கௌரி இருவருடைய குரல்களையும் ஏற்றி இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கடல் கடந்து வந்த நாட்டில், த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் கடைகளுக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட சமூக வானொலி நிலையம் அது. சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் தமிழுக்கு. ஆதவன் வார நாட்களில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஈப்போவில் வளர்ந்த கௌரி, கிளென்ஃபீல்டிலிருந்து பாலத்தைத் தாண்டி வருகிற பல் மருத்துவர். அன்னம் படிக்க வந்து, படிப்பு முடிந்து, இப்போது விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே அவள் குரல் ஒருநாளும் காற்றில் போனதில்லை. பொத்தான்கள் மட்டும்தான் அவள் பொறுப்பு.

இன்றைய நிகழ்ச்சி ராக் அண்ட் ரோலின் தொடக்க காலம் பற்றியது. ஒத்திகைக்காக ஆதவன் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னான். முதல் பதிவில் அந்தக் கறுப்பினப் பெண் வரிகளுக்கு இடையில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பின்னால் கைதட்டுகிறவர்கள் சற்று முந்தித் தட்ட, அவள் அவர்களைத் துரத்திப் பிடிப்பதுபோல் பாடினாள். இரண்டாவதில் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. இரண்டு வரிகளைக் காணவில்லை. மூச்சும் கேட்கவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, வேறு யாருக்கோ மாட்டிவிட்ட சட்டையைப் போல இருந்தது பாட்டு.

"கறுப்பங்க பாடினா அதுக்குத் தனிப் பட்டியல், தனி ஸ்டேஷன். இந்த இசைத்தட்டு அட்டையப் பாருங்க" என்று ஆதவன் மடிக்கணினியைக் கௌரியின் பக்கம் திருப்பினான். "உள்ள பாடுறது அவங்க. அட்டையில அவங்க மொகமே இல்ல. கடற்கரையில சிரிக்கிற வெள்ளைக்கார ஜோடி."

அவனுடைய கோபம் உண்மையானது. அது அன்னத்துக்குத் தெரியும். அவள் முன்னாலிருந்த திரையில் நிகழ்ச்சியின் இணையப் பக்கம் திறந்திருந்தது. பட்டு வேட்டி கட்டி, தோளில் பறையை மாட்டிக்கொண்டு சிரிக்கிறான் ஆதவன். பொங்கல் விழாவுக்கென்று சென்னையிலிருந்து வரவழைத்த பறை. தடித்த குச்சி இடது கையிலும் மெல்லிய நீளக்குச்சி வலது கையிலும் இருக்கின்றன. மாற்றிப் பிடித்திருக்கிறான். இரண்டு வருடமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொன்னதில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான்.

படத்துக்கு அடியில் சிறிய எழுத்தில், 'முகப்பிசை: நாட்டுப்புறப் பறை' என்றிருந்தது.

நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒலிக்கும் அந்த முப்பத்தெட்டு விநாடிப் பறையைக் கொடுத்தவள் அவள்தான். நிகழ்ச்சி தொடங்கியபோது, தமிழ் அடையாளத்தோடு ஏதாவது வேண்டும் என்று ஆதவன் அலைந்தான். அவள் தன் போனிலிருந்து ஒரு பதிவை எடுத்து, கடைசியில் கொஞ்சம் வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினாள். ஆதவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். யாரும்மா இது, இந்தப் போடு போடுறாரு என்று கேட்டான். ஊர்த் திருவிழாவுல எடுத்தது, யாருன்னு தெரியல என்றாள். அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் விவசாயம் என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் தேவதர்ஷினி அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அக்கா ஊருக்குப் போகும்போது சாமி விளக்கேற்றும் வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறை திரியைத் தூண்டும்போதும், உண்மை தெரிந்தால் அக்கா இந்த விளக்கைத் தொட விடுவாளா என்று அன்னம் நினைத்துக்கொள்வாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌரி கேட்டாள், "அது சரி, நம்ம நிகழ்ச்சி ஆரம்பத்துல வர்ற அடி, அத யாரு அடிச்சது?"

"அது ஃபோக். யாரு பேருன்னெல்லாம் கெடையாது. மக்களோடது."

"அந்த வெள்ளைக்காரப் பையனும் இப்படித்தான் லா சொல்லியிருப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆதவன் சிரிக்கவில்லை. கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தான்.

"அன்னம், ஊர்ல கேட்டுப் பாக்க முடியுமாம்மா? யாராச்சும் அவரத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல?"

அவள் தலையாட்டிவிட்டு நடைக்கு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே, மழை ஓய்ந்த வாகன நிறுத்தத்தில் யாரோ ஒருவர் சாமான் வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். விடியலில் வந்த குரல்செய்தியைப் பஸ்ஸில் வரும்போதே நான்கு முறை கேட்டிருந்தாள். இப்போது மறுபடியும் காதில் வைத்தாள்.

"கண்ணு, அப்பன் பேசறேன். பக்கத்தூட்டு சீதா போன்ல உங்க ரேடியோவப் போட்டுக் காட்டுனா. அது என்ற அடிதான? கேட்டதீம் தெரிஞ்சு போச்சு. ஆனா கண்ணு, அது பொணந் தூக்கற அடியல்லோ? நல்லதுக்கு அத அடிக்கமாட்டாங்க. செரி, போட்டது போட்டாச்சு. நல்ல அடியா ஒண்ணு அடிச்சு அனுப்பறேன், மாத்திக்க." எங்கோ ஒரு வண்டி போகும் சத்தம். "அந்தத் தம்பி கடைசில எல்லாத்து பேரும் சொல்றாரு. உம் பேரக்கூடச் சொன்னாரு. முடிஞ்சா என்ற பேரயும் ஒருக்காச் சொல்லச் சொல்றியா? முடிஞ்சாத்தான். உனக்குத் தொந்தரவுன்னா வேண்டாங் கண்ணு."

உனக்குத் தொந்தரவுன்னா. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக அவள் என்ன சொல்லிவந்தாள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்திருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தவள், முகப்பிசைக் கோப்பை நீக்கிவிட்டு அந்த இடத்தில் போனிலிருந்த வெட்டாத பதிவை வைத்தாள். பதினொன்றாக ஒரு நிமிடம் இருந்தது. ஆதவன் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு கட்டை விரலை உயர்த்தினான். பதினொன்றானதும் அவள் பொத்தானை அழுத்தினாள்.

அடி எழுந்தது. உள்ளே இருப்பவர்களின் ஒலிவாங்கிகள் இன்னும் காற்றுக்குத் திறக்கவில்லை. கௌரி வழக்கம்போல மேசையில் விரலால் தாளம் போட்டாள். அன்னம், காற்றில் போகாமல் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற தன் சிறிய ஒலிவாங்கியின் விசையை அழுத்தினாள்.

"ஆதவன் அண்ணா."

"ம். கேட்டியா ஊர்ல?"

"இது சாவு வீட்டுல அடிக்கிறது. பொணம் தூக்குறப்ப."

கௌரியின் விரல்கள் நின்றன. "ஐயோ, பொங்கலுக்குச் சின்னப் பிள்ளைங்கள இதுக்கு ஆட விட்டோமே லா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஆதவன்.

கடிகாரத்தில் முப்பத்தெட்டில் பதினான்கு விநாடிகள் மிச்சமிருந்தன.

"அடிக்கிறது எங்கப்பாண்ணா. பேரு பழனிசாமி. இன்னிக்கு அவரு பேரச் சொல்லுவீங்களா?"

ஆதவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். அடி வேகமெடுத்து, கடைசி வீச்சுக்கு உயர்ந்து, சட்டென்று நின்றது. எப்போதும் வெட்டிவிடுகிற இடம். இன்று பதிவு அங்கே முடியவில்லை. பறை காய்ச்சுகிற வைக்கோல் தீ படபடத்தது. அதற்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல், "போதுமா கண்ணு?" என்று ஊர் முழுவதன் காதிலும் விழக் கேட்டது. உள்ளே, ஒலிவாங்கிகள் திறந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.