மருந்து அறைக்கு ஏற்ற ஆள்

சுடலையைப் போல ஒரு வேலையாள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று கம்பெனியில் எல்லோரும் சொன்னார்கள். போர்மேன் சீனிவாசகம் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வாயைத் திறக்க மாட்டான், வம்பு தும்பு கிடையாது, ஆறு மாதமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. இப்படிச் சொன்ன யாரும் கெட்டவர்கள் இல்லை. இந்தக் கதையில் கஷ்டமே அதுதான். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் அவனை நாலு திட்டுத் திட்டிவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து போகலாம்.

அறுபத்தொன்றாம் வருடம் பங்குனியில் சுடலையின் மனைவி அய்யம்மாள் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. பதினாலு வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது. தண்ணி எடுக்கப் போன இடத்தில் நடந்தது, பக்கத்து வீட்டு ஆடு செய்த அக்கிரமம், சாத்தூருக்குப் போன அவள் தங்கச்சி என்ன சேலை உடுத்தியிருந்தாள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். சுடலை 'ம்' கொட்டிக்கொண்டே கஞ்சி குடிப்பான். தன்னை ஒரு பேசுகிற மனுஷன் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் போன பிறகுதான் தெரிந்தது, அவன் வாயில் இருந்ததெல்லாம் அந்த 'ம்' மட்டும்தான் என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். நாரணாபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டியெட்டி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சுடலை, பால்ய சிநேகிதன் ஊர்க்காவலன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்து அடைப்பார்கள். ஊர்க்காவலன் வாய்க்குப் பூட்டே கிடையாது. திரும்பி வந்த சுடலையைப் பார்த்ததும் அவன் கேலியை நிறுத்தினான். மற்ற இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். துக்கக்காரன் முன்னால் சிரிக்கலாமா?

அந்தச் சமயம் பார்த்து மருந்து அறையில் ஆள் இல்லாமல் போயிற்று. பொடிகளைச் சலித்து ஒன்றாகக் கலக்கிற இடம் அது. ஆபத்தான வேலை என்பதால் காட்டின் கடைசியில், சுற்றிலும் மண்மேடு போட்டு, ஒற்றை ஆள் மட்டும் இருக்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். முன்னால் கலந்துகொண்டிருந்தவன் பாட்டுக்காரன். பாட்டு மும்முரத்தில் கை தவறிவிடும் என்று பயந்து சீனிவாசகம் அவனை அனுப்பிவிட்டார். பேசாத, சிரிக்காத, யாரையும் தேடிப் போகாத ஆள் ஒருத்தன் அவருக்கு வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். சுடலை இருந்தான்.

"ஒனக்குன்னே கட்டுன ரூமு சுடலை. ஒரு தொந்தரவு இருக்காது."

"சரிங்கய்யா" என்றான்.

அங்கே ஒரு வழக்கம். கலந்த மருந்தைத் தட்டில் வைத்து வெளியே கல் மேடையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு தடவை கை தட்ட வேண்டும். அப்புறம்தான் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தட்டுக்காரி வள்ளித்தாய் வந்து தட்டை எடுத்துப் போவாள். மேடையருகே இரண்டு பேர் இருக்கக் கூடாது, தட்டு கை மாறக் கூடாது. நல்ல விதிதான். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுடலை பார்த்த மனித ஜாதி, தட்டோடு திரும்பிப் போகிற ஒரு முதுகு மட்டும்தான்.

ஊரிலும் அப்படியே. வருடம் திரும்பும் வரை துக்க வீட்டுக்காரனை நல்ல காரியத்துக்கு அழைப்பதில்லை. ஆவணியில் ஊர்க்காவலன் மகளுக்குக் கல்யாணம். தெருவே புதுத் துணியோடு நடந்தது. சுடலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சிநேகிதன் வீட்டு மேளத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்டான். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவன் அவன். கூப்பிடவில்லையே என்று கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி எத்தனை குளித்தாலும் போகாது, வேட்டியில் ஒட்டினால் வெளுக்க முடியாது. கொஞ்ச நாள் நின்றுகொண்டு டீ குடித்தான். பிறகு போவதையே விட்டுவிட்டான். 'பாவம், அவன் போக்குல விடுங்க' என்று ஊர் சொன்னது. விட்டது.

புரட்டாசி வாக்கில் அவனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் வந்தது. தன் பெயரை யாராவது சொல்லி எத்தனை நாளாயிற்று என்று எண்ணத் தொடங்கினான். கம்பெனி வாசலில் அவன் பதினேழாம் நம்பர். சம்பளத்துக்கும் பதினேழு. மளிகைக் கடையில் 'என்ன வேணும்?' முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. முப்பத்தொன்பது ஆயிற்று. சோறு வாயில் மண்ணாக இருந்தது. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் உடம்பு நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். அழுகை வந்தால் தேவலை என்று பார்த்தான். ஒரு நாள் பொடி சலித்துக்கொண்டிருக்கும்போது அய்யம்மாளின் குரலை நினைத்துப் பார்த்தான். முகம் வந்தது, உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் அவன் உண்மையிலேயே ஒண்டிக்கட்டை ஆனான்.

மறுநாள் தட்டை மேடையில் வைத்தவன் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று கை தட்டினான். மண்மேட்டைச் சுற்றி வந்த வள்ளித்தாய் அவனைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றாள்.

"அண்ணே, உள்ள போங்க. நீங்க போனாத்தான நான் வரணும்."

சரிதான். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு முகத்தைப் பார்க்கலாம் என்று நின்றேன் என்று எப்படிச் சொல்வது? சுடலை உள்ளே போனான்.

அதற்கப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. கையில் இருக்கிற வேலையில் கொஞ்சம் கவனத்தை விட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வது போல அது வந்தது. அவன் பயப்படவில்லை. பயப்படவில்லையே என்பதுதான் கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு உறைத்தது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் காலையிலிருந்தே இருந்தது. தட்டை மேடையில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். ஒரு தடவை கை தட்டினான். இரண்டாவது தட்ட கை எழும்பவில்லை. எழும்ப வேண்டிய அவசியம் என்ன என்றும் தெரியவில்லை.

"சுடலையண்ணே!"

மண்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"சுடலையண்ணே! இருக்கீகளா?"

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றான்.

"இருக்கேன் தாயி."

"ஒரு தட்டுத்தான் கேட்டுச்சு. நாலஞ்சு நாளாவே ஒங்க கைதட்டு சரியில்ல. மெள்ள மெள்ளக் கொறஞ்சுக்கிட்டே வருது. என்னண்ணே செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா? எனக்குப் பயமா இருக்குண்ணே. ரெண்டாவது தட்டையும் தட்டுங்க. நீங்க தட்டுற வரைக்கும் நான் இங்கன விட்டு நகர மாட்டேன்."

அவன் தட்டினான். அவள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சுடலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கை தட்டலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி நிற்கிறாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஆறு மாதமாக அவள் அந்தச் சத்தத்தை ஒவ்வொரு நாளும் கவனித்துக் கேட்டிருக்கிறாள். அது மெலிந்ததுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு தடவை அப்படி யாராவது கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த முதல் ஆசை. அன்றைக்கு அவன் வேலையில் கவனமாக இருந்தான்.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் வழக்கம் போல வரிசை. வாட்ச்மேன் காளிராஜ் ஒவ்வொருவரையும் மடி தடவிப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பீடி, தீப்பெட்டி, சாவி, இரும்புத் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது.

"பதினேழு. ஏதாச்சும் இருக்கா?"

சுடலை கையைத் தூக்கவில்லை.

"அண்ணாச்சி, என்னைய உள்ள விடாதீக."

"ஏன்லே? பீடி வச்சிருக்கியா?"

"பீடியெல்லாம் இல்ல. தீப்பெட்டிய உள்ள விடமாட்டீகள்ல? அது மாதிரி என்னையும் விடப்படாது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சுடலைகூட வேடிக்கை பேசுகிறானே என்று ஒருவன் சத்தமாகச் சொன்னான். சுடலை திரும்பினதும் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

சீனிவாசகம் வேகமாக வந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மதுரைக்கும் மெட்ராசுக்கும் லோடு போகவேண்டிய நேரம்.

"என்ன சுடலை, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குங்கய்யா." அவன் நிறுத்தினான். ஊரே நிற்கிறது. அவமானமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. "அந்த ரூமுல ஒத்தையில இருக்க முடியல. தப்பு நெனப்பு வருது. நேத்து வந்துச்சு, முந்தாநாளும் வந்துச்சு. இன்னைக்குப் போனா வெளிய வருவேனான்னு தெரியல."

"ஏ, என்ன பேச்சு இது? நீ அமைதியான ஆளுன்னுல்ல ஒன்னைய அங்கன போட்டேன்?"

"அமைதியெல்லாம் இல்லய்யா. பேச ஆளு இல்ல. அதான் பேசல."

ஆறு மாதமாக ஊரெல்லாம் சீனிவாசகம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கே இப்போது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நல்ல மனுஷர்தான், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்:

"சரி, நீ வீட்டுக்குப் போ. ஒரு வாரம் பேசாம வீட்டுல கெட. சரியாயிரும்."

வரிசையிலிருந்து வள்ளித்தாய் சீறினாள்.

"வீட்டுல மட்டும் யாரு இருக்காங்கய்யா? இங்கனயாச்சும் அவுக கை தட்டுறத நான் ஒருத்தி கேக்கேன். அங்கன செத்தாக்கூட யாருக்குத் தெரியும்?"

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊர்க்காவலன் வரிசையை விட்டு வெளியே வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"ஐயா, நான் மருந்து ரூமுக்குப் போறேன். என் எடத்துல அவன் ஒக்காரட்டும். எனக்கும் அந்த வேல தெரியும். வாரத்துக்கு ஒரு ஆளா மாத்திக்கிடுவோம். யாரையும் அங்கன மாசக்கணக்குல போடாதீக."

பிறகு சுடலையைப் பார்த்தான். "ஒன்னையக் கல்யாணத்துக்குக் கூப்பிடாம போயிட்டேன்லே. ஊரு வழக்கம்னு இருந்துட்டேன். அன்னைக்கு எம் மக என்ட்ட கேட்டா, மாமன எங்கனன்னு."

சுடலைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பங்குனியில் வர வேண்டிய அழுகை. வாசலில் அத்தனை பேர் முன்னால், காளிராஜின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வெட்கமில்லாமல் அழுதான். லோடு காத்திருந்தது. சீனிவாசகம் யாரையும் விரட்டவில்லை.

அன்று அவன் நாலு பேர் அறையில் உட்கார்ந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கை வேலை செய்தது, மனசு கனமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன வேடிக்கைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒருவன் போகிற போக்கில், "சுடலை, அந்தப் புஸ்வாணக் கூட்ட இங்கன தள்ளு" என்றான். சுடலை தள்ளிக் கொடுத்தான். நாள் எண்ணுவதை அதோடு விட்டுவிட்டான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் காட்டின் கடைசியிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. ஆறு மாதமாகத் தட்டியவன் அவன்தான். இந்தப் பக்கம் இருந்து அது எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். ரொம்பத் தூரத்திலிருந்து கேட்டது. செய்துகொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தான். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினான்.

"ஏலே ஊர்க்காவலா! இருக்கியாலே?"

பதில் வரும் வரை அவன் அங்கேயே நின்றான்.