கதவுக்கு முட்டாகக் கிடந்த கல்

அனுசுயா வீட்டு வாசல் கதவு அன்று காலையிலிருந்து டமார் டமாரென்று அடித்துக்கொண்டது தெருவுக்கே கேட்டது. இருபது வருஷமாக அதற்கு முட்டாகக் கிடந்த நத்தைக்கல்லைக் காணோம். மாமனார் கிணறு வெட்டியபோது கிடைத்த கல். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், சுருள் சுருளாக, நத்தை படுத்திருப்பது மாதிரியே இருக்கும்.

"சுவாதிதான் பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போச்சு" என்றார் கணவர் வேணுகோபால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "குழுவுக்கு வேணுமாம்."

குழு! அந்தச் சொல்லைக் கேட்டாலே அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளிர் குழுவில் செயலாளராக இருந்து, தலைவி சின்னம்மாளோடு பேச்சை முறித்துக்கொண்டு வந்தவள் அவள். நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தி உழைப்பாள், மூணு பேர் டீ குடிப்பார்கள் என்பது அவள் கட்சி. அந்த ஒருத்தி யார் என்பதில் சின்னம்மாளுக்கு வேறு கருத்து உண்டு.

இப்போது மகள் சுவாதி படிக்கும் ஏழாம் வகுப்பிலும் குழு. புதிதாக வந்த அறிவரசன் சார் பிள்ளைகளை நாலு நாலு பேராக வட்டமாக உட்கார வைத்துவிட்டார். பாடத்தை நாலு பங்காக்கி ஆளுக்கொன்று; அவரவர் பங்கைப் படித்து மற்ற மூவருக்கும் சொல்லித் தரவேண்டும். கடைசியில் சார் ஒரு நம்பரைக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை சொல்லும் பதிலுக்குத்தான் நாலு பேருக்கும் மார்க். முதல் ரேங்க் சுவாதியின் குழுவில் மூணாம் நம்பர் யாரென்று நினைக்கிறீர்கள்? வேம்பு. செங்கல் சூளைக் கொளஞ்சியின் மகள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"அது பேசாது, எம்பொண்ணு மார்க்கு போவும். இந்த வாரம் கொறையட்டும், டிசி வாங்கி அரியலூர் ஸ்கூல் வேன்ல ஏத்தி வுட்டுடறேன்" என்று அனுசுயா கடைத்தெருவரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். போகமாட்டேனென்று சுவாதி அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள், பலிக்கவில்லை. மார்க் மட்டும்தானா, வேம்பு எந்தத் தெரு என்பதும் சேர்த்தியா என்று அனுசுயாவை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

கல்லும் போனபிறகு மார்க் குறையும்வரை அவள் பொறுக்கவில்லை; டிசி கேட்டு எழுதிய தாளோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நேராக உள்ளே போகிற சுபாவமா அவளுக்கு? ஜன்னலோரம் நின்றாள். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. சுவாதியின் வட்டத்துக்கு நடுவில் அவள் வீட்டுக் கல். அதன்மேல் கைவைத்திருந்தது சுவாதி இல்லை, வேம்பு.

"எங்கம்மா அச்சுல மண்ண அடிக்கும்ல, அது மாதிரி. இது செத்துக் கடலடியில கெடந்துச்சு. ஓட்டுக்குள்ள சேறு பூந்து எறுகிப்போச்சு. அப்புறம் ஓடு கரைஞ்சுடுச்சு."

"இங்க ஏதுடி கடலு? ஒழுங்கா ஒரு ஏரியே இல்ல!" என்றான் அதே வட்டத்தில் இருந்த கோகுலகிருஷ்ணன்.

"இங்கதான். நாம குந்தியிருக்கோமே, இதே எடம்."

சுவாதி பென்சிலைக் கடித்தாள். "புத்தகத்துல இருக்கறத அப்படியே ஒப்பிப்பேன்டி, ஆனா புரியல. அப்ப இது நத்தை இல்லையா?"

"நத்தை போயிடுச்சு. நத்தை இருந்த எடந்தான் இது."

அனுசுயா கல்லையே பார்த்தாள். இருபது வருஷமாகக் காலால் தள்ளிய கல். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

சார் கைதட்டினார். "சுவாதி குழு! மூணாம் நம்பர்!"

வேம்பு எழுந்தாள். அத்தனை நேரம் பேசிய வாய் பூட்டிக்கொண்டது. அனுசுயாவின் கையில் தாள் கசங்கியது. சுவாதி ஜன்னலைப் பார்த்துவிட்டாள், தாளையும் பார்த்துவிட்டாள். ஆனாலும் பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. கல்லை மட்டும் வேம்புவின் கால் பக்கமாக நகர்த்தினாள்.

வேம்பு அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். முதலில் கல்லிடம் சொன்னாள், பிறகு வகுப்பிடம். அச்சு, சேறு, கடல். "நத்தை இருந்த எடந்தான் இது" என்று அவள் முடித்தபோது சந்தை அடங்கிக் கிடந்தது. மார்க் போடவேண்டிய சார் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். அப்புறம்தான் அவருக்கு ஜன்னல் கண்ணில் பட்டது.

"வாங்கம்மா. ஏதோ பேப்பர் கொண்டாந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார். கதவு அடிச்சுது..." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "ஏம் புள்ள வேம்பு, அம்மாம் பெரிய கடலு, அப்புறம் எங்கதான் போச்சு?"

"அது எம் பங்கு இல்லீங்க. சுவாதி பங்கு."

"நாளைக்குத்தாம்மா அந்தப் பாடம்" என்றாள் சுவாதி, தாளைப் பார்த்தபடி. "நான் இங்க வந்தாத்தான் தெரியும்."

அன்று சாயங்காலம் அனுசுயா சின்னம்மாள் வீட்டுக்கே போய், "சேதி தெரியுமா? நாம நிக்கறது கடலு!" என்றாளாம். எதிர்வீட்டில் இருக்கும் எனக்கு அது பெரிதில்லை. கல் இல்லாமலே அவள் வீட்டுக் கதவு அடிக்காமல் நின்றதே, அதை எட்டிப் பார்த்தேன். கதவுக்கடியில் எட்டாக மடித்துச் செருகியிருந்தது, டிசி கேட்டு எழுதிய தாள்.